விளக்கை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், காருக்குப் பின்னால் ஒரு சிறிய கேம்பிங் டிரெய்லரை மாட்டிக்கொண்டு போர்ட்டிக்சனுக்கோ கேமரன் மலைக்கோ கிளம்பும் குடும்பங்களைச் சாலையில் பார்க்க முடிகிறது. உள்ளே மெத்தை, பின்கதவைத் திறந்தால் அடுப்பு, பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரை என எல்லாம் கச்சிதமாக இருக்கும். பின்விளக்கு மட்டும் ஒற்றைக் கண்ணாக எரியும். டிரெய்லரை மாட்டியபின் காரின் சொந்த விளக்குகள் அதன் பின்னால் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. இரவு மழையில் காராக் நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் வண்டி தெரிவது டிரெய்லரின் அந்த விளக்குகளை வைத்துத்தான்.

விளக்கு எரியவில்லை என்றதும் பலர் செய்வது, புதிய விளக்கு ஒரு ஜோடி வாங்கி மாட்டுவது. இரண்டு வாரம் கழித்து அதுவும் மங்கும். காரணம், டிரெய்லரில் கோளாறு பெரும்பாலும் விளக்கில் இருப்பதில்லை, எர்த்தில்தான் இருக்கிறது.

மின்சாரம் விளக்குக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். பல டிரெய்லர்களில் விளக்கின் எர்த் வயரை ஒரு திருகு வைத்து இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருப்பார்கள். அங்கிருந்து ஒரு வெள்ளை வயர் பிளக் வழியாகக் காருக்குப் போகும். அந்தத் திருகுக்கு அடியில் பெயிண்ட், துரு, கடற்கரைக்குப் போய்வந்த உப்பு எல்லாம் சேர்ந்துவிட்டால் வழி அடைபடும். அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் பிரேக் மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மினுங்குகிறது, இடது சிக்னல் போட்டால் பின்விளக்கும் துடிக்கிறது. இப்படி விளக்குகள் ஒன்றோடொன்று கலந்து எரிந்தால், வேறு எதையும் கழற்றுவதற்கு முன் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது எளிது. இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயர் போதும். டிரெய்லரைக் காரில் மாட்டி விளக்கைப் போடுங்கள். வயரின் ஒரு முனையை விளக்கின் எர்த் முனையிலும், மறுமுனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய சட்டத்திலும் பிடியுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி அந்தத் திருகு. மாற்றம் இல்லையா? மறுமுனையை நீளமான வயரால் காரின் பேட்டரி நெகட்டிவ் முனை வரை கொண்டுபோங்கள். இப்போது எரிந்தால் வெள்ளை வயரிலோ பிளக்கிலோ கோளாறு. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு எரியும்போது இதே இரண்டு இடங்களுக்கும் நடுவே அளக்கலாம். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. கார் கொக்கியும் டிரெய்லரும் இரும்போடு இரும்பு தொடுகிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். அங்கே கிரீஸும் பெயிண்டும்தான் அதிகம்.

ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் எல்லா விளக்கும் செத்துக் கிடந்தால் முதலில் கார் பக்கம் பாருங்கள். பியூஸ் போயிருக்கலாம். புதிய பியூஸும் உடனே போனால் எங்கோ வயர் தோல் உரிந்து சட்டத்தில் உரசுகிறது என்று அர்த்தம். பெரிய பியூஸ் போட்டுச் சமாளித்தால் அடுத்து எரியப்போவது வயர். பிளக்கின் ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கிரீஸைக் கொஞ்சம் தடவுங்கள்.

வயர் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஐரோப்பிய, ஆஸ்திரேலிய ஏழு ஊசி முறைகளிலும் அமெரிக்க நான்கு ஊசி முறையிலும் எர்த் வெள்ளைதான். ஆனால் கறுப்பு ஐரோப்பிய முறையில் இடது பின்விளக்கு, ஆஸ்திரேலிய முறையில் ரிவர்ஸ் விளக்கு. அமெரிக்க முறையில் பிரேக்கும் சிக்னலும் ஒரே வயரில் வரும். இதில் ஏற்கனவே யாராவது ஒருவர் கைவைத்த டிரெய்லர் என்றால் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு வயரையும் சோதித்துப் பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

விளக்கையே மாற்றுவது என்று முடிவானால் எல்.இ.டி.யாகவே வாங்குங்கள். பழைய பிரேக் பல்பு 21 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி.க்கு அதில் ஒரு சிறு பங்கு போதும், அதிர்வையும் தாங்கும். ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று சில கார்கள் நினைத்துக்கொண்டு சிக்னலை வேகமாகத் துடிக்கவிடும். காரின் வயரிங்கில் கைவைக்காமல், டிரெய்லருக்கென்று உள்ள இணைப்புப் பெட்டியை மெக்கானிக்கிடம் சொல்லிப் போட்டுக்கொள்வது நல்லது. எல்.இ.டி.யில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் எரியாது. விளக்கு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். நிறமும் இடமும் பழையபடியே இருக்கட்டும். பின்விளக்கும் பிரேக்கும் சிவப்பு, சிக்னல் மஞ்சள்.

இணைக்கும்போது வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அவை ஆகாது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயை மாட்டிச் சூடுகாட்டினால் தண்ணீர் புகாது. எர்த்தைச் சட்டத்தில் முடுக்காமல் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி வயராகப் பிளக் வரை இழுத்தால் அந்தத் துருப்பிடித்த திருகின் கதை அத்தோடு முடிந்தது. கூடுதல் செலவு சில மீட்டர் வயர்தான்.

கதவுக்கு மேலே இருக்கும் வெளிவிளக்கு வேறு கதை. அது பெரும்பாலும் டிரெய்லரின் சொந்த பேட்டரியில் ஓடும், கார் பிளக்கோடு சம்பந்தமில்லை. அதன் ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைநீர் திருகுத் துளை வழியாகச் சுவருக்குள் இறங்கும். விளக்கு எரியாததை விட, உள்ளே பலகை ஊறி உளுத்துப்போவதுதான் பெரிய நஷ்டம். புதியதை மாட்டியபின் சிலிகோனை மேலேயும் இரு பக்கமும் மட்டும் தடவுங்கள், அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். தப்பி உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும். முகாமில் 240 வோல்ட் இணைப்பு கொடுத்து ஓடும் விளக்கு என்றால் அதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

புறப்படும் காலை ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக், இரண்டு சிக்னல், பின்விளக்கு என்று போட, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தால் இரண்டு நிமிட வேலை. பிள்ளைகளிடம் கொடுத்தால் சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள். ஓய்வு நிலையத்தில் நிற்கும்போது இன்னொரு முறை பாருங்கள், பிளக் அதிர்ந்து தளர்வது முதல் நூறு கிலோமீட்டருக்குள்ளேயே நடக்கலாம்.