வெட்டும் மின்சாரம் திரும்பும் வழி

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தோலைத் திறந்த பிறகு நடக்கும் வேலையில் பெரும்பகுதியை இன்று எஃகுக் கத்தி செய்வதில்லை. மின்சாரம்தான் செய்கிறது. பேனாவைப் போலப் பிடிக்கும் ஒரு கருவியின் நுனியில் சின்ன உலோக அலகு இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் இழையம் வெட்டுப்படும், மற்றதை அழுத்தினால் கசிகிற இரத்தக்குழாய் கருகி அடைபடும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையானாலும் இலங்கையின் வேறெந்த சத்திரசிகிச்சைக் கூடமானாலும், வைத்தியரும் தாதியரும் இதற்குச் சொல்லும் பெயர் ‘டயதேமி’. ஊடுருவும் வெப்பம் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இயன்மருத்துவப் பிரிவில் மூட்டுவலிக்குச் சூடு கொடுக்கும் இயந்திரத்துக்கும் இதே பெயர்தான், ஆனால் அது வேறு கருவி.

வெட்டுவதும் சுடுவதும் மருத்துவத்தில் வெகுகாலமாகச் சேர்ந்தே வந்தவை. அறுவையும் சூடும் செய்யும் மருத்துவரையும், அவர்மீது அன்பு குறையாத நோயாளியையும் குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் உவமையாக்கியிருக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்ட கதையில் பெரிதாகப் பேசப்படும் நாள் 1926 ஒக்டோபர் 1. அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், இரத்தப்பெருக்குக்கு அஞ்சிச் சில நாட்களுக்கு முன் பாதியில் நிறுத்தியிருந்த ஒரு தலைக்கட்டியை, வில்லியம் போவி என்ற விஞ்ஞானி உருவாக்கிய கருவியின் துணையோடு அகற்றினார். ஆரம்ப நாட்களில் ஒருதடவை மின்னோட்டம் உலோகக் கருவி ஒன்றின் வழியே குஷிங்கின் கைக்குள் ஏறி, அவர் தலையில் அணிந்திருந்த விளக்கின் பக்கமாக வெளியேறியது. அதை அவரே பதிவு செய்திருக்கிறார். கருவி பிறந்த கையோடு அதன் குணமும் தெரிந்துவிட்டது: போட்டுக் கொடுத்த பாதையைவிட இலேசான பாதை கிடைத்தால் மின்சாரம் அதிலேதான் போகும்.

வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ற்று மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. நரம்பும் தசையும் அந்த வேகத்துக்கு உடனே பதில் சொல்வதால்தான் அது தொட்டவரை உதறச் செய்கிறது, இதயத்தையும் நிறுத்தக்கூடும். மீடிறன் எனப்படும் அந்த எண்ணிக்கை செக்கனுக்கு ஓர் இலட்சத்தைத் தாண்டினால் நரம்புகளால் அதைப் பின்தொடர முடியாது. பெரும்பாலான டயதேமி இயந்திரங்கள் 3 இலட்சம் தொடக்கம் 5 இலட்சம் வரையான மீடிறனில் வேலை செய்கின்றன. ஆகவே மின்னோட்டம் உடம்புக்குள் போய் வந்தாலும் அதிர்ச்சி இல்லை, வெப்பம் மட்டும் உண்டாகிறது. அந்த வெப்பம் எங்கே உண்டாகிறது என்பதில்தான் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவியைப் பார்த்தவருக்கு இது சட்டென்று விளங்கும். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியில் தண்ணீர் ஓடுவதே தெரியாது. அதே தண்ணீர் பாலமீன்மடு முகத்துவாரத்தின் ஒடுங்கிய வாயில் தோணியை இழுத்துக்கொண்டு பாயும். மின்னோட்டமும் அப்படித்தான். அலகின் நுனி ஒரு முகத்துவாரம்: மின்னோட்டம் முழுவதும் ஒரு புள்ளியில் நெருங்குவதால் அங்கே கலங்களில் உள்ள நீர் ஆவியாகி இழையம் பிளக்கிறது. உள்ளே போன மின்னோட்டம் இயந்திரத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதற்காகத் தொடையிலோ முதுகிலோ உள்ளங்கையைவிடப் பெரிய ஒட்டுத் தகடு ஒன்று பதிக்கப்படுகிறது. அந்தத் தகடுதான் வாவி. மின்னோட்டம் அதன் பரப்பெங்கும் பரவி வெளியேறுவதால் தோலுக்கு இளஞ்சூடுகூடத் தெரியாது. ஆனால் தகடு கால்வாசி மட்டும் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு முகத்துவாரமாகிவிடும். நெருக்கம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. நோயாளியோ மயக்கத்தில் இருக்கிறார், சுடுகிறது என்று சொல்ல வாயில்லை.

சத்திரசிகிச்சை நிபுணரின் கண் எப்போதும் நுனியில் இருக்கிறது, அந்தப் பக்கம் பிழை நடந்தால் உடனே தெரிந்துவிடும். திரும்பும் பாதையைப் பார்த்துக்கொள்வது தாதியின் பொறுப்பு. அது வெளியே தெரியாத, பெயர் வாங்காத வேலை. தகட்டுக்கு நல்ல இடம், சத்திரசிகிச்சை நடக்கும் இடத்துக்குக் கிட்டிய, சதைப்பற்றும் இரத்தோட்டமும் உள்ள பகுதி. எலும்பு துருத்தும் இடம், பழைய தழும்பு, பச்சை குத்திய இடம், அடர்ந்த மயிர் எல்லாம் விலக்கு. தழும்பும் கொழுப்பும் மின்னோட்டத்தைத் தடுக்கும், மயிர் ஒட்டவிடாது. மட்டக்களப்பின் புழுக்கத்தில் வியர்வையும், உடம்பில் தேய்த்த தேங்காய் எண்ணெயும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தோலை உலரவிட்டு, ஓரத்திலிருந்து காற்றுக் குமிழ் விழாமல் அழுத்தி ஒட்ட வேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தால் மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுவும் திரவம் ஓடி வந்து தகட்டுக்கடியில் தேங்குவதும் உண்டு. பெரிய தகட்டைக் கத்தரித்துக் குழந்தைக்கு ஒட்டுவது மிகப் பெரிய பிழை. குழந்தைகளுக்கென்றே தனித் தகடு இருக்கிறது.

நவீன தகடுகள் பல இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டவை. இயந்திரம் இரண்டு பாதிகளுக்கும் இடையிலான தடையை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் உரிந்தால் சத்தமிட்டு மின்னோட்டத்தை நிறுத்திவிடும். 1980களில் வந்த இந்த ஏற்பாடு தகட்டடித் தீக்காயங்களைப் பெருமளவு குறைத்தது. ஆனால் ஒற்றைத் தகட்டைச் செருகினால் இந்தக் காவல் கிடையாது. அப்போது இயந்திரம் வயர் அறுந்ததை மட்டுமே கண்டுகொள்ளும், தகடு பாதி உரிந்ததைக் கண்டுகொள்ளாது.

திரும்பும் வழி சரியில்லாவிட்டால் மின்னோட்டம் வேறு வழி பார்க்கும். பழைய வகை இயந்திரங்களில் கட்டிலின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் முழங்கையோ, ஈசீஜி ஒட்டிய சிறு புள்ளியோ அந்த வழியாகும், அங்கே தோல் வேகும். நிலத்தோடு தொடர்பில்லாமல் தனித்து இயங்கும் புதிய இயந்திரங்களில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தாலும் அடியோடு போய்விடவில்லை. நகைகளைக் கழற்றச் சொல்வது இதனால்தான். மூக்குத்தி, காப்பு, குழந்தையின் வெள்ளி அரைஞாண், உலோகக் கூட்டில் அடைத்த தாயத்து எல்லாம் இதில் சேரும். மோதிரத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டினால் மோதிரம் தொலையாது, அவ்வளவுதான். மின்சாரத்துக்கு அது காவல் அல்ல. தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் கலங்கும் பெண்களிடம் ‘விதி’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதைவிடக் காரணத்தைச் சொன்னால் வேலை எளிதாகும். கொடியை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, தியேட்டரிலிருந்து வரும்வரை மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது ஒரு நல்ல வழி.

கழற்ற முடியாத உலோகமும் உண்டு. மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து ‘கம்பி வைத்தவர்கள்’, செயற்கை மூட்டுப் பொருத்தியவர்கள், யுத்தகாலத்துச் செல் துண்டு உடம்பிலேயே தங்கிவிட்டவர்கள் கிழக்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த உலோகத்தின் மேல் தகட்டை ஒட்டக்கூடாது, மின்னோட்டத்தின் பாதையும் முடிந்தவரை அதை விலகிப் போக வேண்டும். பல வருடங்களுக்கு முன் பட்ட காயம், இப்போது வலியில்லை என்று நோயாளி சொல்லாமல் விட்டுவிடுவார். கேட்டால்தான் வெளியே வரும்.

பேஸ்மேக்கர் உள்ளவர் விடயம் இன்னும் நுட்பமானது. டயதேமியின் மின்னோட்டத்தை இதயத்துடிப்பு என்று எண்ணி பேஸ்மேக்கர் தன் வேலையை நிறுத்திவிடலாம். அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் கருவியாக இருந்தால், தேவையில்லாமல் அதிர்ச்சியைக் கொடுத்துவிடலாம். இவர்களுக்கு இயன்றவரை இருமுனை டயதேமியே பொருந்தும். அதில் சின்ன இடுக்கியின் ஒரு நுனியால் போன மின்னோட்டம் மறு நுனியால் திரும்பிவிடும், உடம்பின் குறுக்கே பயணமும் இல்லை, தகடும் தேவையில்லை. பேனாவும் தகடும் சேர்ந்த ஒருமுனை வகையே வேண்டுமென்றால் விட்டுவிட்டுச் சிறிது சிறிது நேரம் மட்டும் பாவித்து, மின்னோட்டம் நெஞ்சைக் குறுக்கறுக்காதபடி தகட்டை வைத்து, முடிந்ததும் பேஸ்மேக்கரைப் பரிசோதிக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை நடுவில் “இது வெட்டுதில்ல, கொஞ்சம் கூட்டுங்கோ” என்ற குரல் அடிக்கடி எழும். வழக்கமான அளவில் வேலை செய்துகொண்டிருந்த இயந்திரம் திடீரென்று சோர்ந்தால் கூட்டக்கூடாது. முதலில் தகடு, அடுத்து வயர், பிறகு நுனியில் கருகிப் படிந்த இழையம் என்று பார்த்து வர வேண்டும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் குறை இருக்கும். பாராமல் கூட்டிக்கொண்டே போனால், அரைகுறையாக ஒட்டிய தகட்டின் வழியே அவ்வளவு மின்னோட்டமும் நெருக்கியடித்துத் திரும்பும்.

பேனாவை நோயாளியின் மேலுள்ள விரிப்பில் போட்டுவைப்பது எல்லோருக்கும் பழகிப்போன சோம்பல். யாராவது அதன்மேல் சாய்ந்தாலோ, காலடியில் உள்ள மிதியை வேறொருவர் தவறி மிதித்தாலோ விரிப்பும் அடியிலுள்ள தோலும் எரியும். பாவிக்காத நேரத்தில் பேனா அதற்குரிய பிளாஸ்டிக் கூட்டில் இருக்க வேண்டும், பிடித்திருப்பவரே இயக்க வேண்டும், இயங்கும்போது எழும் ஒலியை அடக்கிவைக்கக் கூடாது. வயரை உலோகக் கவ்வியில் சுற்றிக் கட்டுவதும் ஆபத்தே. உயர் மீடிறன் மின்னோட்டம் உறைக்குள் இருந்தபடியே பக்கத்து உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். சேலைன் போத்தலை இயந்திரத்தின் தலையில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தீக்கு வேண்டிய மூன்றும் சத்திரசிகிச்சை மேசையில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. பொறி டயதேமியில், ஒட்சிசன் முகமூடியில், எரிபொருள் விரிப்பிலும் தோல் துடைத்த ஸ்பிரிற்றிலும். அற்ககோல் கலந்த கிருமிநாசினி தோலில் காயக் குறைந்தது 3 நிமிடம் வேண்டும், மயிருள்ள இடத்தில் இன்னும் நெடுநேரம். தொப்புளில் தேங்கியதை ஒற்றியெடுத்த பிறகே விரிப்பைப் போட வேண்டும். முகம், கழுத்துச் சத்திரசிகிச்சைகளில் திறந்த முகமூடியால் ஒட்சிசன் கொடுத்தால் அது விரிப்புக்கடியில் தேங்கிக் கிடக்கும். அதன் செறிவை 30 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் பார்ப்பது மயக்கமருந்து வைத்தியரின் வேலை. மூச்சுக்குழாயை டயதேமியால் திறக்கக்கூடாது என்பதற்கும் காரணம் இந்த ஒட்சிசனே. குடலுக்குள் ஐதரசனும் மெதேனும் தேங்குவதால் அதை டயதேமியால் திறப்பதும் வெடிப்புக்கு வழிவிடும்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கமரா வழியே செய்யும் சத்திரசிகிச்சையில், நீண்ட கருவியின் நுனி மட்டும்தான் திரையில் தெரியும். அதன் காவலி உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மின்னோட்டம் திரைக்கு வெளியே, யாரும் பார்க்காத இடத்தில் குடலைச் சுடும். அன்று ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்துக் குடல் துளைபட்டு, வயிற்றறை அழற்சியோடு நோயாளி திரும்பி வருவார். வெடிப்பே இல்லாவிட்டாலும், உலோகக் குழலுக்குள் செல்லும் கருவி ஒரு கொள்ளளவியைப் போல இயங்கி அந்தக் குழலில் மின்னேற்றத்தை உண்டாக்கும். முழு உலோகக் குழலாக இருந்தால் அந்த மின்னேற்றம் வயிற்றுச் சுவரில் பரவிப் போய்விடும். உலோகக் குழலுக்குப் பிளாஸ்டிக் கழுத்து மாட்டிக் கலந்தால் போக்கிடமில்லாமல் குடலில் பாயும். இழையத்தைத் தொடாமல் வெறும் காற்றில் இயக்குவதைத் தவிர்த்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

சுடும்போது எழும் புகை இறைச்சி தீய்ந்த நாற்றம் மட்டுமல்ல. பென்சீன், ஐதரசன் சயனைட்டு, காபனோரொட்சைட்டு போன்றவையும், சிலவேளை வைரசின் மரபுக்கூறும் அதில் உண்டு. அதன் துணிக்கைகள் சராசரியாக 0.07 மைக்ரோமீற்றர் அளவானவை என்பதால் சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசத்துக்குப் பிடிபடா. நுனிக்குச் சில சென்ரிமீற்றர் பக்கத்தில் உறிஞ்சுகுழாயைப் பிடிப்பதும், வடிகட்டியுள்ள புகையகற்றியும்தான் வழி. நோயாளி ஒருநாள் மட்டும் அங்கே இருக்கிறார், தாதியோ பணிக்காலம் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார்.

உபகரணம் நன்றாக இருந்தால்தான் இத்தனை கவனமும் பலன் தரும். இலங்கையில் மருத்துவச் சாதனங்கள், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் கட்டுப்பாட்டில் வருகின்றன. அரச வைத்தியசாலைகளின் இயந்திரங்களுக்குச் சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவு பொறுப்பு. ஒருதடவை மட்டும் பாவிக்கும் தகடுகளும் பேனாக்களும் இறக்குமதிப் பொருட்கள். இறக்குமதிக்கு டொலர் இல்லாமற்போன 2022 பொருளாதார நெருக்கடியில் என்ன நடந்தது என்பது நாட்டுக்குத் தெரியும், அந்த வருட மார்ச் மாத இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்தியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒருதடவைத் தகட்டை உரித்து மறுபடி ஒட்டத் தோன்றும். பசையும் கூழும் காய்ந்த தகடு முழுப் பரப்பில் தொடாது என்பதால் அந்தச் சிக்கனம் தோலில் கழியும். தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால், திரும்பத் திரும்பப் பாவிப்பதற்கென்றே செய்த கருவிகளை வாங்கி வைப்பதும் இருமுனை டயதேமியைக் கூடுதலாகப் பயன்படுத்துவதும் நேர்மையான மாற்றுவழிகள். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்று செருகிகளின் உலோகத்தை அரிக்கக்கூடியது, ஆகையால் வயர்களின் முனைகளைக் கிருமிநீக்கத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் தகட்டை வெடுக்கென்று பிடுங்காமல், ஒரு கையால் தோலை அமர்த்திக்கொண்டு மெதுவாக உரிக்க வேண்டும். இலேசான சிவப்புச் சில மணிநேரத்தில் மறையும். தகடு ஒட்டிய இடம், முன்னும் பின்னும் தோல் இருந்த நிலை, இயந்திரத்தின் இலக்கம் ஆகியவை நோயாளியின் பதிவில் ஏற வேண்டும். மறுநாள் முதுகிலோ குதிகாலிலோ காயம் தென்பட்டால் அது மின்சாரம் சுட்டதா, நீண்டநேரம் அசையாமல் கிடந்ததால் வந்த அழுத்தப்புண்ணா, கிருமிநாசினி தேங்கியதால் தோல் வெந்ததா என்று பிரித்தறிய அந்தப் பதிவே உதவும். அதோடு, அப்படியொரு காயம் கண்டால் பாவித்த தகட்டையும் வயரையும் பேனாவையும் எறிந்துவிடாமல், இயந்திரத்தின் அளவுகளையும் மாற்றாமல், பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை அப்படியே ஒதுக்கி வைக்க வேண்டும்.