கலெக்டர் அருகே மூன்று நாற்காலிகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறால் வாங்கும் சகோதரிகளே! கூறு என்ன விலை, இன்று பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்றெல்லாம் மீன்காரியைக் குடைந்து எடுக்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால், “இதைப் பிடிக்க இன்று யாருடைய முறை?” என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? “தண்ணீர் எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் வலை போடலாமே, இதில் முறை என்ன வந்தது?” என்பீர்கள். பழவேற்காட்டுக்குப் போய் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், பொன்னேரியைத் தாண்டினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டிய ஊர். கடல்நீரும் ஆற்று நீரும் கலக்கும் அங்குள்ள ஏரி, நம் நாட்டில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி நம்முடைய திருவள்ளூர் ஜில்லாவில்.

சீட்டு சொல்லும் நியாயம்

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் மறுபடி கடலுக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் வழியில் கழி ஊன்றி வலை கட்டினால் நல்ல வேட்டை. ஆனால் அத்தகைய இடங்கள் சிலவே. வலைகளோ ஏராளம். அடிதடி வராமல் இருக்குமா?

வராமலிருக்கப் பெரியவர்கள் கண்ட ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இதில் பழைய பாத்தியதை உள்ளவை. யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். முறை தப்பினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும்.

குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பாத்தியதை இல்லாத மற்றக் குப்பத்தாருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் தங்கள் தண்ணீரைத் தாங்களே நிர்வகிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் இதே மாதிரி சீட்டு வழக்கம் உண்டு. அங்கே நான்கு மீனவர் சங்கங்கள் பங்கிட்டுக் கொள்கின்றன. அந்த வழக்கத்தை 1958-ல் சர்க்காரே சட்ட விதியாக எழுதிக் கொடுத்துவிட்டது.

சட்டம் கொடுத்த இடம்

நம் நாட்டுச் சட்டம் மீனவருக்கு என்ன கொடுத்திருக்கிறது? 2011-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. கடலோர ஜில்லா ஒவ்வொன்றிலும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேராவது உட்கார வேண்டும். 2019-ல் வந்த புது அறிவிக்கையிலும் இந்த விதி நீடிக்கிறது.

கரையோரத்தில் ஏதாவது கட்டுவதற்கு அனுமதி கேட்டால், தமிழ்நாட்டில் அந்த மனு முதலில் இந்தக் குழுவிடம் வருகிறது. குழு பார்த்து, மாநில ஆணையத்துக்குச் சிபாரிசு செய்யும். முடிவு செய்வது மேலே இருப்பவர்கள். குழு சொல்வது யோசனை மட்டுமே. “வெறும் யோசனைதானா?” என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மருமகள் சொல்லும் யோசனையை மாமியார் அப்படியே ஏற்காமல் போகலாம். ஆனால் சொல்லவே இடமில்லாத வீட்டுக்கும், சொல்ல இடமுள்ள வீட்டுக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

பழவேற்காட்டில் சொல்ல வேண்டிய சங்கதிகள் நிறையவே இருக்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் இறால் குஞ்சு உள்ளே வராது. படகு வெளியே போகாது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தால் கரை அரிக்கும், ஏரி பாழாகும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். அதன்மீது மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் 2021 ஜனவரி 22-க்குக் குறிக்கப்பட்டுத் தள்ளிப் போயிற்று. 2023 செப்டம்பர் 5-க்குக் குறித்ததும் தள்ளிப் போயிற்று. கருத்துச் சொல்ல ஒரு நாள் கிடைப்பதே இத்தனை பாடு! அப்படியிருக்க, கலெக்டர் பக்கத்தில் நிரந்தரமாக மூன்று நாற்காலி இருப்பது சின்ன விஷயமா?

கூடைக்காரிக்கு எங்கே இடம்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று பிரதிநிதிகள் என்று எழுதிய சட்டம், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தோ வழிவழியாக ஆண்களின் சபை. பாடுச் சீட்டும் ஆண்களின் பெயரில்தான்.

ஏரியிலிருந்து வரும் மீனைக் கூடையில் சுமந்து, விலை பேசி, விற்று, அந்தப் பணத்தில் உலை வைப்பவள் யார்? இறால் சிறுத்துவிட்டதா, நண்டு குறைந்துவிட்டதா என்று அவள் கைக்கும் முந்தானை முடிச்சுக்கும் உடனே தெரியும். அவள் பேசாத குழுவுக்கு ஏரியின் கணக்கில் பாதிதான் கிடைக்கும்.

கிராமசபை அப்படியல்ல, அந்த ஊர் வாக்காளர் அனைவரும் அதில் அங்கத்தினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் அது கூடுவது வழக்கம். அங்கே எழுந்து நின்று தீர்மானம் கேட்க எந்தக் கூடைக்காரிக்கும் உரிமை உண்டு. கலெக்டர் குழுவின் மூன்று நாற்காலிகளில் ஒன்று எங்களுக்கு வேண்டும் என்று அவள் கேட்கத் தொடங்கவேண்டிய இடமும் அதுதான்.

பட்டணத்துச் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களிலும் வார்டுக் குழுவும் பகுதி சபையும் ஏற்பட்டிருக்கின்றன. உங்கள் தெரு எந்தப் பகுதியில் சேர்ந்தது, சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்தீர்களா? குழாயில் தண்ணீர் வராத கவலையும், சாக்கடை பொங்கும் சங்கடமும் வீட்டில் உங்களுக்குத்தானே முதலில் தெரிகிறது! அடுத்த கூட்டத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பக்கத்து வீட்டு மாமியையும் கூட அழைத்துப் போங்கள்.