சிரித்த போனே அழுதது

2023 டிசம்பர் 2-ம் தேதி ஒரு புகைப்படம் வெளியானது. விஜயகாந்தும் பிரேமலதாவும் சேர்ந்திருக்கும் படம். கணவன், மனைவி படம்தான், விசேஷமாக ஒன்றுமில்லை. ஆனால் அது சொல்ல வந்த சேதி வேறு: ஆள் உயிரோடு இருக்கிறார். நவம்பர் 18-ம் தேதி அவர் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்தே வாட்ஸ்அப் அவரைப் பலமுறை கொன்றிருந்தது.

உயிரோடு இருப்பதற்குச் சாட்சி கேட்பது தமிழகத்துக்குப் பழக்கமான விஷயம். 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோது அங்கே எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டித்தான் அ.தி.மு.க. தேர்தலைச் சந்தித்தது. 2017 டிசம்பரில், ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முதல் நாள், மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா பழச்சாறு குடிக்கும் வீடியோவை அவர் கட்சிக்காரரான வெற்றிவேல் வெளியிட்டார். ஜெயலலிதா இறந்தே ஓராண்டு கடந்திருந்தது! அன்றைக்கெல்லாம் எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்று கட்சிக்காரர்கள் முடிவு செய்தார்கள். இன்று ஃபேமிலி குரூப்பில் இருக்கும் சித்தப்பா, காலை ஆறரை மணிக்கே கேட்டுவிடுகிறார்: “நியூஸ் உண்மையா?”

டிசம்பர் 28-ம் தேதி செய்தி உண்மையானது. அன்று முழுக்க எந்தப் போனைத் திறந்தாலும் ‘கேப்டன்’ விஜயகாந்த்தான். கறுப்பு வெள்ளைப் படம், அணையாத தீபம், பின்னணியில் இளையராஜா. அழுதவர்களில் பலர் மனதார அழுதார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், அதே போன்கள் முந்தைய பத்து வருஷம் அந்த மனிதரை என்ன பாடு படுத்தின என்பதும் மறந்துபோகவில்லை.

‘நரசிம்மா’ படத்தில் அவர் உடம்பில் மின்சாரம் பாய்ச்ச, டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும் காட்சி 2001-ல் தியேட்டரில் கைதட்டல் வாங்கியது. மீம் காலத்தில் அது கேலிக்கான கச்சாப்பொருள். 2015 டிசம்பரில் பத்திரிகையாளர்களைப் பார்த்து அவர் துப்பியதை வைத்து ஓராண்டு ஓட்டினார்கள். மேடையில் நாக்கு குழறினால் ‘சரக்கு’ என்றார்கள். பிறகு அவர் சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிகிச்சைக்குப் போனபோது, அந்தக் குழறலில் எவ்வளவு நோய், எவ்வளவு நம்முடைய கற்பனை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அவரைக் கிண்டல் செய்யப் பெரும்பாலும் பயன்பட்டவை வடிவேலுவின் முகங்கள். 2011 தேர்தலில் விஜயகாந்தை எதிர்த்துத் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தவரும் அதே வடிவேலுதான். தேர்தல் முடிந்ததும் வடிவேலு ஓய்ந்துவிட்டார். அவர் முகத்தை வைத்து மீம் போட்டவர்கள் ஓயவில்லை.

இறந்த அன்று மாலைக்குள் எல்லாம் தலைகீழ். படப்பிடிப்பில் கடைநிலைத் தொழிலாளிக்கும் தனக்கும் ஒரே சாப்பாடு என்று ஏற்பாடு செய்தவர். மலேசியா, சிங்கப்பூரில் நட்சத்திர இரவு நடத்தி நடிகர் சங்கத்தின் கடனை அடைத்தவர். 2001-ல் சிவாஜியின் இறுதி ஊர்வலத்தில் தானே இறங்கிக் கூட்டத்தை விலக்கி வழி ஏற்படுத்தியவர். இவை எல்லாம் நிஜம். ஆனால் எதுவும் புதிதாகக் கிடைத்த தகவல் இல்லை. சினிமாக்காரர்கள் பேட்டிக்குப் பேட்டி சொன்னவைதான். ஒரு மணி நேரப் பேட்டியின் நடுவில் கிடந்தன. கேலிக்கு வியூஸ் வந்த வரைக்கும் அந்தப் பகுதியை வெட்டியெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கண்ணீருக்கு வியூஸ் வந்ததும் கத்தரி அங்கே போனது. ட்ரோல் செய்த பக்கங்களில் சில, பழைய பதிவுகளை அழிக்காமலே அஞ்சலி போட்டன. கீழே தள்ளிக்கொண்டே போனால் இரண்டும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

அஞ்சலியோடு வருகைப் பதிவேடும் திறந்தாகிவிட்டது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர் கண்ணில் நீர் இருந்ததா? வெளிநாட்டில் இருந்த விஷால் அங்கிருந்தே வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டார். சூர்யாவும் வீடியோ போட்டார்; ஊர் திரும்பியதும் சமாதிக்குப் போய்க் கலங்கினார், அதையும் கேமராக்கள் சுற்றி நின்று எடுத்தன. வடிவேலு வரவில்லை என்பது தனி விவாதமாக நாள்கணக்கில் ஓடியது. நேரில் வந்த விஜய் மீது கூட்டத்தில் யாரோ செருப்பை வீசினார்கள். அந்தச் சில விநாடிகள் இறுதி ஊர்வலத்தைவிட அதிகம் பேரைச் சென்றடைந்திருந்தால் ஆச்சரியமில்லை. எழவு வீட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைப்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் அந்தக் கணக்கை வைப்பவர் பங்காளியாக இருப்பார், வராதவரின் சங்கடமும் அவருக்குத் தெரிந்திருக்கும். இங்கே கணக்கு கேட்டவர்களில் பாதிப் பேர் விஜயகாந்த் படம் ஒன்றைக்கூடத் தியேட்டரில் பார்த்திராத வயதினர்.

இவ்வளவு நினைவுகூர்ந்தும், ஒன்று மட்டும் ரீல்ஸில் கண்ணில் படவே இல்லை: அவருடைய அரசியல். 2005-ல் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கி, 2006-ல் தனித்துப் போட்டியிட்டு விருத்தாசலத்தில் தான் மட்டும் ஜெயித்து, 2011-ல் 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தவர். தி.மு.க.வைவிட அதிக இடங்கள்! பிறகு எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ஜெயலலிதாவைச் சந்திக்கப் போனார்கள். 2016-ல் உளுந்தூர்பேட்டையில் அவரே டெபாசிட் இழந்தார். ஐந்தே வருஷத்தில் நடந்த இந்தச் சரிவுக்குக் காரணம் கூட்டணிக் கணக்கா, குடும்பமா, உடல்நிலையா, அ.தி.மு.க.வின் கைவரிசையா? முப்பது விநாடிக்குள் இதைச் சொல்ல முடியாது. சாப்பாடு போட்டார் என்பதைச் சொல்லிவிடலாம். எனவே எதிர்க்கட்சித் தலைவர் போய், அன்னதானப் பிரபு மட்டும் மிஞ்சினார். கோயம்பேட்டில் கட்சி அலுவலக வளாகத்தில் இருக்கும் சமாதிக்கு இப்போது ‘கேப்டன் ஆலயம்’ என்று பெயர். அங்கே அன்னதானமும் நடக்கிறது.

சினிமா இந்த அனுதாபத்தை உடனே மோப்பம் பிடித்தது. 2024 செப்டம்பரில் வந்த ‘தி கோட்’ படத்தில் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு விஜயகாந்த் திரையில் தோன்றினார். அதே மாதம் வந்த ‘லப்பர் பந்து’ அப்படி எதையும் செய்யவில்லை. ‘அட்டகத்தி’ தினேஷை ஒரு விஜயகாந்த் வெறியராக நடமாடவிட்டு, ‘பொன்மனச் செல்வன்’ படத்துப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டது. அவ்வளவுதான், ஊரே அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அஞ்சலி. செத்தவரை எழுப்பி நடக்கவைப்பதைவிட, அவர்மேல் பைத்தியமாக இருந்த ஒருவனைக் காட்டுவதில் நினைவு கூடுதலாக இருக்கிறது.

ஆனால் எழுப்பும் வேலை நிற்கப்போவதில்லை. ‘லால் சலாம்’ பாடலுக்கு ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவில் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். 2024 ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல் சில மாதங்களிலேயே ‘தி கோட்’ பாடலில் ஒலித்தது. விஜயகாந்தின் உருவத்தை அனுமதி இல்லாமல் யாரும் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று தே.மு.தி.க. அறிக்கையே விடவேண்டி வந்தது.

நட்சத்திரங்களுக்கு வந்தது அடுத்த வருஷமே நம் தெருவுக்கு வந்துவிடும். ‘இமயம் சரிந்தது’ ஃப்ளெக்ஸ் வைக்க வசதியில்லாதவர்கள் அந்த டிசைனை மட்டும் வாங்கி ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். 24 மணி நேரத்தில் அதுவாகவே மறைந்துவிடுகிறது, கார்ப்பரேஷன்காரர் வந்து கிழிக்கத் தேவையில்லை. கல்யாண மண்டபத்து எல்.இ.டி. திரையில், இறந்துபோன அப்பா நடந்து வந்து மணமக்களை ஆசீர்வதிக்கும் வீடியோவும் இப்போது ஆல்பம் பேக்கேஜில் சேர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஸ்டூடியோவில் அப்படி ஒன்று தயாராவதைப் பார்த்தேன். கையில் இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான். கம்ப்யூட்டர் அவருக்குக் கோட்டு சூட்டு மாட்டியிருந்தது. “அப்பா பேன்ட்டே போட்டதில்லண்ணே, வேட்டி வையுங்க” என்றான் பையன். வேட்டி வந்தது. அடுத்ததாக அவர் பல் தெரியச் சிரித்தபடி நடந்து வந்தார். பையனுக்குப் பிடித்திருந்தது. பின்னால் நின்ற அவன் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சிரிக்க வேணாம் தம்பி, அந்த மனுசன் போட்டோவுக்குச் சிரிச்சதே இல்ல. மண்டபத்துல சொந்தக்காரங்க யாருன்னு கேப்பாங்க” என்றார். ஸ்டூடியோக்காரர் சிரிப்பை எடுத்துவிட்டு, மறுபடி ரெண்டர் போட்டார்.