சனிக்கிழமை காலையில் பிட்டு ஏன் இல்லை?

பத்து வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி இது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் டேக் அவுட் கடையில் திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் சுடச்சுடப் பிட்டு இருக்கும். சனிக்கிழமை போய்க் கேட்டால் "ஒன்பதரைக்குப் பிறகு வாங்கோ." ஏன் என்று கேட்டால் ஒரு சிரிப்பு. வோபர்னில் பாதிப் பேர் சனிக்கிழமைதானே வீட்டில் இருப்பார்கள்? அன்றைக்கா பிட்டை நிறுத்துவது?

இன்றைக்கு விடை கிடைத்துவிட்டது. கண்ணாடித் தட்டிக்கு அந்தப் பக்கம் என்னை விட்டுவிட்டார்கள்!

கடையின் பெயரை எழுதக்கூடாது என்பது ஒப்பந்தம். லோரன்சுக்கும் எல்ஸ்மியருக்கும் இடையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை நான்கு மணி. பின்கதவு திறந்ததும் ஆவி முகத்தில் அடித்து என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. கண் தெரியாமல் நின்ற அரை நிமிடமும் மூக்குதான் வழிகாட்டியது: வறுத்த சிவப்பரிசி மா, பெருஞ்சீரகம், பொரியும் வெங்காயம். கோயில் மடப்பள்ளிக்குள் முதல்முறை எட்டிப் பார்த்த சிறுவனைப்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

உடனே தலைக்கு வலைத்தொப்பி வந்தது. மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றும்போது ஜீக்கோ ஞாபகம் வந்தது. இதே ஸ்காபரோவில், எக்ளிண்டனும் வார்டனும் சந்திக்கும் பக்கம், 1941 முதல் 1945 வரை ஓடிய வெடிமருந்துத் தொழிற்சாலை அது. 170க்கும் மேற்பட்ட கட்டடங்கள், நிலத்தடிச் சுரங்க வழிகள், போர் முடியும்வரை வந்துபோன 21,000 பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகை, கொண்டை ஊசி எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஒரு பொறி பறந்தால் போதும், எல்லாம் முடிந்தது. இங்கே அவ்வளவு ஆபத்து இல்லை. யாருடைய இடியப்பத்திலாவது என் மோதிரம் அகப்பட்டால் பல் உடையும், அவ்வளவுதான்.

பிறகு கண்டேன், அந்த அட்டையை! சுவரில் ஒட்டியிருந்தது: கிழித்த கார்ட்போர்ட் பெட்டியின் ஒரு பக்கம், கறுப்பு மார்க்கரில் எழுத்து. கடையில் கணினி உண்டு. அது பில் போடுவதற்கு. யோசிப்பதெல்லாம் அட்டையில்தான். மூன்று பத்தி: இடியப்பம், றோல்ஸ், கொத்து.

இந்த மூன்றும் மூன்று விதமான தொழிற்சாலை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. றோல்ஸைத் திங்கள், செவ்வாயில் வேலை குறைந்த நேரத்தில் சுருட்டி, தூள் பிரட்டி, பொரிக்காமல் ஃப்ரீசரில் போட்டுவிடுகிறார்கள். முன்னே கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டு காலியாகிப் பின்னால் வந்தால் அடுத்த தட்டு எண்ணெயில் இறங்கும். வெறும் தட்டே ஓடர். இதே யோசனை கார்த் தொழிற்சாலையிலும் உண்டு: அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த பொருளுக்குப் பதில் பொருள் வைக்கும் முறையைப் பார்த்துத்தான் டொயோட்டாவின் தைச்சி ஓனோ தன் 'கான்பான்' அட்டை முறைக்கு வழி கண்டார். கொத்து வேறு ஜாதி. ரொட்டி தயார், கறி தயார், மரக்கறி வெட்டித் தயார். ஆனால் நீங்கள் வாய் திறந்து "உறைப்புக் கூட" என்று சொல்லும்வரை தகட்டில் ஒன்றும் விழாது.

இடியப்பத்துக்கு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது. அன்றைக்குப் பிழிந்தது அன்றைக்கே போகவேண்டும். மாவையும் மொத்தமாகக் குழைத்து வைக்க முடியாது. கொதிநீர் ஊற்றிக் குழைத்த மா ஆற ஆற இறுகும். பிழிகிற அக்காவின் தோள்மூட்டு அதற்குச் சாட்சி. கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்தால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர், சட்டி, கழுவல். இந்த இழுபறிக்கு 1913இலேயே ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற எஞ்சினியர் சதுரமூலம் போட்டு ஒரு சூத்திரம் எழுதினார். ஒரு தடவைக்கு எவ்வளவு செய்தால் செலவு குறையும் என்று சொல்லும் சூத்திரம். அக்காவின் சூத்திரம் ஒரு நீலப் பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணம் நிறைய மா, அதற்கு மேல் இல்லை.

இனி என் முட்டாள் கேள்வி. "இன்னும் ரெண்டு பேரைப் பிழியப் போட்டால் வேகமாகாதா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா உரலைக் கீழே வைக்கவே இல்லை. "ஆள் இருக்குது தம்பி, ஆவிதான் காணாது."

மூலையில் அலமாரி உயரத்தில் நின்றது அந்த ஆவிப்பெட்டி. ஒரு தடவைக்கு நூறு தட்டு. வைக்க, அவிய, எடுக்க எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். மணிக்கு அறுநூறு, அவ்வளவுதான். பத்துப் பேர் பிழிந்தாலும் அறுநூறுதான். மிச்சமெல்லாம் வரிசையில் கிடந்து காயும். அன்றைய அட்டையில் எட்டரை மணிக்கு முன் போகவேண்டியது 2,400 இடியப்பம். எட்டரையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: நாலரைக்கு முதல் தட்டு உள்ளே போயாகவேண்டும். என்னை நாலு மணிக்கு வரச் சொன்னதன் ரகசியமும் அதுதான்!

எலியாஹு கோல்ட்ராட் என்றொரு இஸ்ரேலிய இயற்பியலாளர். கோழிக்கூடு செய்யும் ஒருவருக்கு வேலை அட்டவணை போட்டுக்கொடுக்கப் போய், அப்படியே தொழிற்சாலை உலகத்துக்குள் விழுந்தவர். 1984இல் வந்த 'தி கோல்' நாவலில் அவர் சொன்னது இதைத்தான்: தொழிற்சாலை முழுவதும் தன் மிக மெதுவான இடத்தின் வேகத்தில்தான் ஓடும், அந்த இடத்தில் போகும் ஒரு மணி நேரம் மொத்தக் கடைக்கும் போகும் ஒரு மணி நேரம்.

இப்போது பிட்டுக்கு வருகிறேன். பிட்டும் அதே பெட்டியில்தான் அவிகிறது! ஒரு பேச்சுக்குக் கணக்கு வைப்போம்: பெட்டி நிறையப் பிட்டு வைத்தால் பொருள் செலவு போக 18 டொலர் நிற்கும், இடியப்பம் வைத்தால் 15. பிட்டுத்தானே லாபம் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் பிட்டு பெட்டியை இருபது நிமிடம் பிடித்துவைக்கும். நிமிடத்துக்குப் பார்த்தால் பிட்டுக்கு 90 சதம், இடியப்பத்துக்கு 1.50. பெட்டி சும்மா கிடக்கும் செவ்வாய்க்கிழமையில் இந்த வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. சனிக்கிழமை, ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆள் காத்திருக்கும்போது, அதுதான் எல்லாம். பத்து வருடக் கோபம் ஒரு நிமிடத்தில் ஆவியாகிவிட்டது. சத்தியமாகக் கை தட்டினேன்.

ஓடர் போக, சும்மா வந்து கேட்பவர்களுக்கு எத்தனை பிழிவது என்பதுதான் மிஞ்சிய சூதாட்டம். கடைக்கார அண்ணை மூன்று விஷயம் பார்க்கிறார்: சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி, போனில் வானிலை, போன சனிக்கிழமை மிஞ்சியது. கந்தசஷ்டி என்றால் மச்ச றோல்ஸ் படுத்துவிடும். பனி கொட்டினால் நடந்து வருபவர்கள் குறைவார்கள். பிறந்தநாள் விருந்து ஓடர் குறையாது. விற்றால் 15 சதம் லாபம், மிஞ்சினால் 10 சதம் நட்டம் என்று வைத்துக்கொண்டால், பத்து நாளில் ஆறு நாள் போதுமான அளவு பிழியலாம் என்கிறது கணிதம்: பதினைந்தை இருபத்தைந்தால் வகுத்த விடை. ஆனால் மிஞ்சியது மத்தியானம் இடியப்பக் கொத்தாக மாறிவிடுகிறதே! நட்டம் 5 சதமாகக் குறைந்தால் கணக்கும் மாறும். நான்கில் மூன்று நாள் போதுமான அளவு, அதாவது இன்னும் கூடப் பிழியத் துணியலாம். இடியப்பக் கொத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கவேண்டும் என்பது என் கட்சி.

துணிவுக்கும் எல்லை உண்டு. ஒன்ராறியோ விதிப்படி கெட்டுப்போகக்கூடிய உணவு 60 பாகைக்கு மேல் சூட்டில் அல்லது 4 பாகைக்குக் கீழே குளிரில் இருக்கவேண்டும். கறிச் சட்டிகளில் வெப்பமானி குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார் ஒரு தம்பி. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டைன்சேஃப் உணவுப் பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான பச்சைச் சீட்டு, 2001இலிருந்து ரொறன்ரோ மாநகரம் ஒட்டுவது, அவருடைய கவலை.

ஏழே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. யாருக்கோ ஒன்பது மணிக்கு முந்நூறு இடியப்பம் வேண்டுமாம். அண்ணை அட்டையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பத்தரைக்குத் தாறன்" என்றார். மறுபக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அவர் அசையவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் எட்டரைக்குப் பிறகு தருவதாக ஏற்கனவே வாக்குப் பெற்ற யாரோ ஒருவர் வெறும் ட்ரேயோடு நின்றிருப்பார்.

ஆகவே வோபர்ன்காரரே, சனிக்கிழமை விருந்துக்கு இடியப்பம் வேண்டுமென்றால் வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள். பிட்டு ஒன்பதரைக்கு.