சீல் வைத்த உறையும் கைப்பிள்ளையும்

சீனாவில் பிள்ளையைத் தத்தெடுத்த அமெரிக்கப் பெற்றோர், எந்த மாகாணத்துக்குப் போயிருந்தாலும், ஊர் திரும்பும் முன் குவாங்சோ நகரத்துக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. தத்துப் பிள்ளைகளுக்கான குடியேற்ற விசாவை அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம்தான் வழங்கியது. சீனத் தத்தெடுப்புச் சட்டம் 1992-இல் நடைமுறைக்கு வந்தது; 1999 முதல் மட்டும் 82,000-க்கும் அதிகமான பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலும் பெண் குழந்தைகள். 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினரின் பிள்ளையையோ வாழ்க்கைத் துணையின் பிள்ளையையோ எடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு வைத்து, வெளிநாட்டாருக்குத் தத்துக் கொடுப்பதைச் சீனா நிறுத்திவிட்டது.

அப்போதெல்லாம் மாகாணத் தலைநகரில், காப்பகத்து ஆயா பிள்ளையைப் பெற்றோர் கையில் கொடுப்பார். ஒரு நாள் பழகிப் பார்த்தபின் சிவில் விவகாரத் துறையில் பதிவு. அத்துடன் சீனச் சட்டப்படி தத்து முடிந்துவிடும். பிள்ளையின் சீன பாஸ்போர்ட் வரும்வரை அங்கேயே சில நாள் தங்கல். பிறகு குவாங்சோ: மருத்துவப் பரிசோதனை, விசா, கொடுத்த தகவல் எல்லாம் உண்மை என்று வலக்கை உயர்த்திச் சத்தியப் பிரமாணம். துணைத் தூதரகம் பல ஆண்டுகள் ஷாமியன் தீவில் இருந்ததால், அதற்குப் பக்கத்திலேயே இருந்த ஒயிட் ஸ்வான் ஹோட்டலில் இந்தக் குடும்பங்கள் நிறைந்திருந்தன. சீனக் குழந்தையைக் கையில் ஏந்திய பார்பி பொம்மையைக்கூட மேட்டல் நிறுவனம் அங்கே பரிசாகக் கொடுத்தது.

பெரியவர்களுக்குக் கொண்டாட்டமான நாட்கள். பிள்ளைக்கு அப்படியல்ல. தூக்கி வளர்த்த ஆயாவின் முகம், கேட்டுப் பழகிய பேச்சு, வாய்க்குப் பழகிய கஞ்சி எல்லாம் ஒரே பகலில் இல்லாமல் போகின்றன. சில பிள்ளைகள் விடாமல் அழும். சில சத்தமே போடாது. அதைப் பார்த்து ‘சமத்துப் பிள்ளை’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது, பல சமயம் அது மிரண்டுபோன பிள்ளை. குளிர் தாக்காமல் இருக்கக் காப்பகத்தில் சட்டைமேல் சட்டையாகப் போட்டு அனுப்புவார்கள். வாங்கியதும் எல்லாவற்றையும் கழற்றித் துவைத்துவிடத் தோன்றும். துவைக்காமல் எடுத்து வைப்பதே நல்லது. அந்தச் சட்டையின் வாசனை ஒன்றுதான் அப்போதைக்குப் பிள்ளைக்குத் தெரிந்த வாசனை.

லாஸ் ஏஞ்சலிஸ் வரை விமானத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் புட்டிப்பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காதடைப்பு குறையும். ஊரில் விமான நிலையத்துக்கே சொந்தபந்தம் திரண்டு வந்து கை நீட்டும். கொடுக்க வேண்டாம். முதல் சில வாரங்கள் ஊட்டுவதும் தூக்குவதும் பெற்றோர் மட்டுமாக இருந்தால்தான், இனி யார் தன் ஆள் என்று பிள்ளைக்குப் பிடிபடும். தாத்தா பாட்டிக்கு மனசு கஷ்டப்படும்தான். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கலாகாது என்பேன்.

இந்தப் பயணத்தில் பிள்ளைக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக வர வேண்டியிருந்தது, விசாவோடு கொடுக்கப்பட்ட சீல் வைத்த உறை. பெற்றோர் அதைப் பிரிக்கக் கூடாது, பெட்டிக்குள் போட்டு அனுப்பவும் கூடாது என்பது விதி. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடியேற்ற அதிகாரியிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் ஏற்று அனுமதித்ததும், வெளிநாட்டிலேயே தத்து முடிந்த பிள்ளைகளுக்கான ஐஆர்-3 அல்லது ஐஎச்-3 விசாவில் வந்து, குடியுரிமை உள்ள பெற்றோருடன் அங்கே வாழப்போகும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை அமெரிக்கக் குடிமகளாகிவிடுகிறாள். குடியுரிமைச் சான்றிதழ் பின்னால் தபாலில் வரும். தம்பதியரில் ஒருவர் மட்டும் போய்ப் பார்த்து அழைத்து வந்த பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் ஐஆர்-4 விசாதான் கிடைத்தது. அவர்கள் கிரீன் கார்டோடு இறங்கினார்கள். உள்ளூரில் மறுபடி தத்தெடுத்த பிறகே குடியுரிமை.

இப்படித் தானாகவே கிடைக்கும் குடியுரிமையே 2000-இல் இயற்றப்பட்டு, 2001 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் வந்தது. அதற்கு முன் பெற்றோர் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று, இனி என்ன என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. அந்தத் தேதியில் 18 வயதைத் தாண்டியிருந்தவர்களைச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. தென்கொரியாவிலிருந்து பச்சைக் குழந்தைகளாக வந்தவர்கள் பலர், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் தாங்கள் குடிமக்களே அல்ல என்று அறிந்தார்கள். குற்ற வழக்கில் சிக்கிய சிலர், மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். விண்ணப்பிக்காதது பெற்றோர், தண்டனை பிள்ளைக்கு. விடுபட்டவர்களையும் சேர்க்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை அறிமுகமானது, ஒருமுறைகூடச் சட்டமாகவில்லை.