சந்தா மென்பொருள்: எழுதி முடித்த பிறகுதான் செலவு

வேலூர் லாங் பஜாரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. லோடு வண்டி வாசலை அடைத்து நிற்கிறது. ஒருவர் மூட்டைகளை எண்ண, கல்லாவில் இருப்பவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பில் போடுகிறார். அந்த நேரம் பார்த்து பில்லிங் மென்பொருள் மக்கர் செய்தால், விற்ற கம்பெனிக்கு உடனே போன் பறக்கும். அதை எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும். மாதச் சந்தாவில் மென்பொருள் விற்கக் கிளம்பும் நம் பிள்ளைகள் பட்ஜெட் போடும்போது விட்டுவிடுவது அந்த ஆளின் சம்பளத்தைத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு பேர், தலைக்கு 40,000 ரூபாய் சம்பளம், எட்டு மாத உழைப்பு: 12.8 லட்சம். பலருடைய பட்ஜெட் இதோடு முடிந்துவிடுகிறது. சந்தா மாதம் 500 ரூபாய், மாதம் 20 கடைகள் புதிதாகச் சேர்கின்றன என்று வையுங்கள். சர்வர் வாடகை, போனில் பேசுபவர், கடை கடையாக ஏறி இறங்குபவர், பிழை திருத்துபவர் என்று மாதச் செலவு 2 லட்சம். வரவும் செலவும் சரிக்குச் சரியாக 400 கடைகள் வேண்டும். அதற்கு 20 மாதம். அதுவரை கையிலிருந்து போடும் பணம் 19 லட்சம். மென்பொருளை எழுதிய செலவைவிட இது அதிகம்! மாதம் நூற்றுக்கு மூன்று கடைகள் விலகினால் 20 மாதம் 30 ஆகிறது. 19 லட்சம் ஏறக்குறைய 25 லட்சமாகிறது.

ஆம்பூர் ஏற்றுமதியாளருக்கு முதல் முடங்குவது புதிதல்ல. தோல் வாங்கி, பதனிட்டு, ஷூவாக்கிக் கப்பலேற்றிப் பணம் வரும்வரை காத்திருப்பவர் அவர். ஆனால் அவருக்குச் சரக்கின் விலை மொத்தமாக வந்துவிடும். சந்தாவில் மென்பொருள் விற்பவருக்கு ஐந்நூறு ஐந்நூறாகத்தான் வரும்.

வரவு செலவை எட்டும்வரை கைப்பணத்தை விழுங்கும் இந்தப் பள்ளத்தைச் சென்னையின் இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கடந்தன. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளில் சம்பாதித்ததை வைத்தே 2005-இலிருந்து சந்தா மென்பொருள்களை வளர்த்தது. வெளி முதலீட்டை நாடவில்லை. 2010-இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு அதன் வருமானம் சுமார் 25 கோடி டாலர். அப்போதும் நிகர நஷ்டம் 5.7 கோடி டாலர். மென்பொருளை உருவாக்கியதைவிட விற்பதற்கும் விளம்பரத்துக்கும்தான் அதிகம் செலவாகியிருந்தது. நம் ஊரில் சிறிய முதலோடு இறங்குபவர்களுக்கு ஜோஹோ வழிதான் சரி என்பேன். கையில் வரும்படி உள்ள வேறொரு வேலை இருக்கட்டும். அது இதைத் தாங்கட்டும்.

சட்டம் மாறும்போதும் செலவு வரும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின; ஜோடி 2,500 ரூபாய் வரையிலான செருப்பு, ஷூக்களுக்கு வரி 5 சதவீதமானது. அன்று காலை கடை திறக்கும்போது பில்லில் புதிய விகிதம் வந்தாக வேண்டும். பழைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதமே நிற்க வேண்டும். இந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்டால், சந்தா எதற்கு என்று கடைக்காரர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

பள்ளத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. பத்து மாதத் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மாதச் சேவை தருவது. சேரும் 20 கடைகளும் 5,000 ரூபாய் கட்டினால், முதல் மாதத்தில் 10,000 வரவேண்டிய இடத்தில் 1 லட்சம் வரும். மேற்கொண்டு வாங்கும் 18 சதவீத ஜிஎஸ்டி அரசுக்குப் போய்விடும், அதைத் தொடக்கூடாது. மீதியும் முழுக்க நம்முடையதில்லை. இன்னும் பதினோரு மாதம் போனை எடுப்பதற்காகக் கடைக்காரர் கொடுத்த பணம் அது. மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் வருமானக் கணக்கில் ஏற்றி, மீதியைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள்.