நாலு பக்கமும் உப்பு, நடுவுல ஒரு குடம் நல்ல தண்ணி: நெடுந்தீவு சொல்லும் பாடம்

"நெடுந்தீவு அருகே தமிழக மீனவர்கள் கைது." இந்தச் செய்தியை நாம் எல்லோரும் பல தடவை படித்திருப்போம். செய்தியில் அது எல்லையைக் காட்டும் ஒரு பெயர், அவ்வளவுதான். அங்கே நம்மைப்போல உழுது, ஆடு மாடு வளர்த்து, பனை ஏறி வாழும் தமிழ்ச் சனம் இருக்கிறது என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக் நீரிணையில் தனியாகக் கிடக்கிறது இந்தத் தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். 2012 கணக்கெடுப்பின்போது அங்கே இருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. அரிசி, டீசல், சிமெண்ட், மருந்து எல்லாமே படகில்தான் வந்தாக வேண்டும். காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகும் இல்லை.

முத்தாபுதுப்பேட்டையில் உரமூட்டை வேணும்னா வண்டியை எடுத்துக்கிட்டு ஆவடிக்கோ திருநின்றவூருக்கோ போய் வந்துடலாம். தீவுக்காரருக்கு அது முடியாது. வெளியிலிருந்து வாங்காமல் எவ்வளவு தூரம் வாழ முடியும் என்ற கேள்வியை நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. அதனால்தான் அந்த வாழ்க்கையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிதக்கும் தண்ணீர்

தீவில் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் முதல். நிலம் சுண்ணாம்புக்கல். பெய்த மழை கல் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் மழைநீர் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் ஒரு வில்லையாக நிற்கும்.

இதன் கணக்கை 1889-ல் டச்சுக்காரர் கைபனும், 1901-ல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. இதையே திருப்பிப் பாருங்க: நாம் இறைத்து நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். நிஜ நிலத்தில் இரண்டும் கலந்து நிற்கும் பகுதி ஒன்று இருப்பதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக அமையாது. சுண்ணாம்புக்கல்லில் பொந்துகள் இருப்பதால் உப்பு இன்னும் சீக்கிரமே கலந்துவிடும்.

வாளியும் துலாவும் இருந்தவரை சிக்கல் இல்லை. மனுசன் கை சோர்ந்துபோகும். அதற்குள் கிணறு ஊறிவிடும். மோட்டார் சோராது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பம்புசெட் பரவிய பிறகு பல கிணறுகள் உவர்ப்பாகின. போட்ட யூரியா அதே கல் இடுக்கு வழியாக இறங்கி, குடிநீரில் நைட்ரேட்டாகக் கலந்தது. நெடுந்தீவில் சாராப்பிட்டி போன்ற சில இடத்துக் கிணறுகளே நல்ல தண்ணீருக்குப் பேர் பெற்றவை. கடும் கோடையில் அங்கே திரியும் கட்டைக் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் செத்ததும் உண்டு. போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்தில் வந்த குதிரைகளின் வம்சம் அவை.

கல்வேலியும் பனையும்

தீவு முழுக்கக் கண்ணில் படுவது முருகைக்கல் வேலி. சாந்து இல்லாமல், கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. நிலத்தில் கிடந்த கல் அகன்றது, ஆடு மாடு உள்ளே வராது, காற்றும் தடுபடும். ஒரே வேலையில் மூணு பலன்.

அடுத்தது பனை. நுங்கு, பதநீர், பனங்கட்டி, பனாட்டு, கிழங்கு, ஒடியல் எனச் சாப்பாடு. ஓலை கூரைக்கும் வேலிக்கும். கூரையில் இருந்து பழசான ஓலையை வீசி எறியாமல் வயலில் தாழ்ப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். மெதுவாக மட்கும், ஈரம் காக்கும். நாம் இன்று மூடாக்கு என்று பயிற்சி கொடுக்கும் சங்கதியின் அண்ணன் அது. மழையை நம்பிய நெல், சிறுதானியம், பட்டியில் ஆடு மாடு, கடலில் மீன், நடுவில் பனை. ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

இந்தோனேசியாவிலும் அதே பனை

இந்தோனேசியாவின் தென்கோடியில் ரோட்டே, சபு என்று இரண்டு தீவுகள். வருடத்தில் நாலைந்து மாதம்தான் மழை. அங்கேயும் பிழைப்பைத் தாங்கியது பனைதான். அவர்கள் லொந்தார் என்கிறார்கள். பதநீரைப் பாகாகக் காய்ச்சி வைத்து, பஞ்ச மாதங்களில் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். பன்றிக்கும் அதுவே தீனி. மட்டையில் வேலி, ஓலையில் கூரை. பக்கத்துத் தீவுகளான திமோரிலும் சும்பாவிலும் காட்டை எரித்துப் பயிர் செய்து மண் தேய்ந்தபோது, இந்த இரண்டு சின்னத் தீவுகள் தாக்குப்பிடித்தது பனையால்தான் என்று ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் 1977-ல் ஒரு நூலே எழுதினார்.

பிறகு கடற்பாசி வளர்ப்பு வந்தது. கையில் ரொக்கம் புரண்டது. குடும்பம் குடும்பமாக அதில் இறங்கினார்கள். 2009 ஆகஸ்ட் 21-ல் ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் மொன்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்து, இரண்டு மாதத்துக்கும் மேல் எண்ணெய் கசிந்தது. பாசி அழிந்தது. 15,000-க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகள் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்காடி, 2021-ல் சாதகமான தீர்ப்பும் 2022-ல் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டு உடன்பாடும் பெற்றார்கள். பதிமூணு வருசம்! பணப்பயிர் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே பயிரை, ஒரே சந்தையை நம்பினால், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் தவறுக்கு நம் அடுப்பு அணையும்.

இனி என்ன?

நெடுந்தீவின் எதிர்காலம் எளிதானது அல்ல. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதை அந்த ஊர் மறக்கவில்லை. போரில் பலர் வெளியேறினார்கள். அதற்கு முன்பே நிலம் தேடி வன்னிப் பக்கம் குடியேறியவர்களும் உண்டு. நம் பக்கத்து இழுவை மடிப் படகுகள் அவர்கள் கடலடியை வாரிக்கொண்டு போவது இன்றைய வழக்கு. இதையும் நாம் நேர்மையாகப் பேசத்தான் வேண்டும்.

நல்ல சேதியும் இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நிதி உதவியில் சூரிய ஒளி, காற்றாலை, மின்கலம் சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்றாலை. டீசல் ஜெனரேட்டரை நம்பிய ஊருக்கு இது பெரிய விடுதலை. ஐஸ் கட்டி, குளிர்சாதன அறை, பனம்பொருள் தொழில் எல்லாம் இதனால் கூடும். ஆனால் அதே மின்சாரத்தில் ஆளுக்கொரு மோட்டார் ஓடினால், பல தலைமுறை காத்த நல்ல தண்ணீர் வில்லை சில கோடையிலேயே கரைந்துபோகும். மின்சாரம் வருவதற்கு முன்பே தண்ணீருக்கு ஊர்க்கட்டுப்பாடு வர வேண்டும்.

நமக்கு என்ன வந்தது?

தீவுக்குத்தானே இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள். நமக்கு வடகிழக்கே மீஞ்சூரைப் பாருங்கள். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில், 1969-லேயே கடல்நீர் சில கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இன்று 10 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. நெல் விளைந்த நிலம் உவர் தட்டிக் கிடக்கிறது. மின்சாரமும் மோட்டாரும் முன்னால் வந்து, கட்டுப்பாடு பின்னால்கூட வராத ஊரின் கதை அது.

ஆகவே, நாம் செய்யக்கூடியவை:

• சித்திரை, வைகாசியில் கிணற்று நீரின் மின்கடத்துத் திறனைச் சோதியுங்கள். 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆபத்து. வருடா வருடம் எழுதி வையுங்கள். ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

• மழை முதலில் நம் நிலத்தில் இறங்கட்டும்: வரப்பை உயர்த்துங்கள், பண்ணைக்குட்டை எடுங்கள், மூடாக்குப் போடுங்கள்.

• வரப்போரம் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றுங்கள். பலன் தர 15, 20 வருடம் ஆகும். நின்றால் நூறு வருடம். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. அதை ஊராருக்கும் சொல்லுங்கள்.

• இந்தப் போகத்துக்கு வெளியிலிருந்து உங்கள் நிலத்துக்குள் வந்த பொருட்களை ஒரு தாளில் எழுதுங்கள். "ஒரு மாசம் படகு வராது" என்று வைத்துக்கொண்டு, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று ஒவ்வொன்றாக அடியுங்கள். அடிக்க முடியாமல் மிஞ்சுவதுதான் அடுத்த வருடத்து வேலை.